மூன்று பூங்காக்களும் மாப்பிள்ளையின் கணுக்காலும்

ராட்டின வரிசையில் நின்ற அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர்.

லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள், யார் எவ்வளவு கத்தினாலும் "கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லக்கூடியவள். மகள் பட்டாணி, பெரிய ராட்டினங்களுக்கு வேண்டிய உயரத்தை இந்த வருஷம்தான் எட்டியிருந்தாள், அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவியின் தம்பி, கையில் எப்போதும் போன், போனில் எப்போதும் வீடியோ. கடைசியாக மாமியார், ரயில் நிலையத்தின் புகார் கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எகிறிக்கொண்டு வருகிறவர்களை "விதி அப்படி" என்ற இரண்டே வார்த்தையில் திருப்பி அனுப்பியவர்.

விடுமுறைக்கு மூன்று நாள், மூன்று பூங்கா. இது முதல் நாள், முதல் பூங்கா, முதல் ராட்டினம்.

தலைக்கு மேலே வளைந்து போன தண்டவாளத்தில் ஒரு வண்டி நிறைய மனிதர்கள் தலைகீழாகப் போனார்கள். அவர்களுடைய அலறல் கொஞ்சம் பின்தங்கி வந்து சேர்ந்தது.

"அத்தான், முன் சீட்டு நமக்குத்தான்," என்றான் மச்சான், போனை மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே நீட்டியபடி. "இருபது மாடி உயரத்துல தொங்குற ஆளு. உங்களுக்கு இதெல்லாம் ஊஞ்சல் மாதிரி. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ம்," என்றான் மெக்கானிக்.

"பாத்தீங்களா, எவ்வளவு அசால்ட்டா சொல்றாரு!"

அசால்ட்டெல்லாம் இல்லை. வாயைத் திறந்தால் காலையில் சாப்பிட்டது வெளியே வந்துவிடும் போல இருந்தது.

இருபது மாடி உயரத்தில் தொங்குவது உண்மைதான். ஆனால் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இருட்டு. கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாது. நான்கு பக்கமும் சுவர். எல்லாவற்றுக்கும் மேலே, நிறுத்தும் சுவிட்ச் அவன் கையில் இருக்கும். தன்னை நம்பித் தொங்குவது வேறு. முன்பின் தெரியாத ஒருவன் சூயிங்கம் மென்றுகொண்டு பொத்தானை அழுத்த, அவனை நம்பித் தொங்குவது வேறு.

அதோடு, பராமரிப்பு வேலை எப்படி நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போல்ட்டை முடுக்குகிறவன் எதை நினைத்துக்கொண்டு முடுக்குவான் என்பதும் தெரியும். வீட்டுக்குப் போவதை நினைத்துக்கொண்டுதான். அவனும் அப்படித்தான் முடுக்கியிருக்கிறான்.

இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான நிலைமையும் இல்லை. 'எங்க அப்பாவுக்கு எதைப் பாத்தும் பயமே கிடையாது' என்று பட்டாணி பள்ளியில் படம் வரைந்து, அதை டீச்சர் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார். படத்தில் அப்பா ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரித்தார். ஒரு குழந்தை அப்பாவைப் பற்றி அப்படி நினைப்பது கொஞ்ச வருஷம்தான் நீடிக்கும். அதற்குள் தன் வாயால் அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

"அப்பா, நீ கையை மேல தூக்குவியா, கம்பியைப் பிடிச்சிக்குவியா?" என்று கேட்டாள் பட்டாணி.

"பாக்கலாம்."

"கம்பியைப் பிடிக்கிறவங்கல்லாம் பயந்தாங்கொள்ளி."

வரிசை நகர்ந்தது. அவன் ஷூ கயிற்றைக் கட்டுவதற்காகக் குனிந்தான். குனிந்த இடத்தில் ஒரு யோசனை கிடைத்தது. நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் கைவசம் வேறொன்றும் இல்லை.

"ஆ!"

"என்னங்க ஆச்சு?"

"கால் பிசகிடுச்சு."

"நின்ன இடத்துலயா?" என்றாள் மனைவி.

"குனிஞ்சேன்ல? அப்ப."

"குனிஞ்சா எப்படிங்க கால் பிசகும்?"

"உனக்குப் பல்லைப் பத்தித்தானே தெரியும்?"

மாமியார் கிட்டே வந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவன் கணுக்காலைப் பார்த்தார். ஒரு புகாரைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"வீங்கல," என்றார்.

"இனிமே வீங்கும், அத்தை."

மாமியார் நிமிர்ந்தார். மாப்பிள்ளை பேச்சை முகத்துக்கு நேரே மறுப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. மாப்பிள்ளை கால் பிசகியது என்றால் பிசகியதுதான். "சரிங்க மாப்பிள்ளை, நீங்க போய் நிழல்ல உக்காருங்க," என்றார்.

அவன் நொண்டிக்கொண்டே வரிசையை விட்டு வெளியே வந்தான். ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் உடம்பில் இருந்த அத்தனை முடிச்சும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. எதிரே ஒரு குப்பைத் தொட்டி. பக்கத்தில் யாரோ தவறவிட்ட பாப்கார்ன். உலகத்திலேயே அழகான இடம் அதுதான் என்று தோன்றியது. மூன்று நாளும் இப்படியே பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து தீர்த்துவிடலாம். பைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டுமே?

நீண்ட நேரம் கழித்து நால்வரும் வந்தார்கள். மனைவியின் தலைமுடி ஒரு பக்கமாகப் போயிருந்தது. மச்சானுக்குக் குரல் போயிருந்தது. மாமியார் மட்டும் பஸ்ஸில் இறங்கி வருகிறவர் மாதிரி வந்தார்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று மகளைக் கேட்டான்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் பட்டாணி. "ஆனா மாமா கேமராவையே பாத்துக்கிட்டு வந்தாரு. நீ வந்திருக்கணும்."

அவள் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். அடுத்த ராட்டினத்துக்கு வரிசை இதைவிட நீளம் என்றாள் மனைவி. எல்லோரும் சோர்ந்து போயிருந்தார்கள்.

மாமியார் எழுந்து போனார். திரும்பி வரும்போது ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு அத்தை?"

"நீங்க நடக்கக்கூடாது மாப்பிள்ளை. நடந்தா வீங்கும். இனிமே வீங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் ஏறி உட்கார்ந்தான். கால் பிசகியவன் நாற்காலியை மறுத்தால் சந்தேகம் வரும். மச்சான் தள்ளினான், ஒரு கையால். இன்னொரு கை வீடியோ எடுத்தது.

அடுத்த ராட்டினத்தின் வாசலில்தான் அது நடந்தது. ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைக் கண்டதும் ஓடி வந்து, வரிசைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார்.

"நீங்க இப்படி வாங்க சார். கூட வந்தவங்க எத்தனை பேரு? எல்லாரும் வாங்க."

ஐந்து பேரும் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றிருந்த நூற்றுக்கணக்கான கண்கள் அவர்களைப் பார்த்தன. இரண்டே நிமிஷத்தில் மேடைக்கு வந்துவிட்டார்கள்.

குடும்பம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா," என்றான் மச்சான் மெதுவாக, "வரிசையே இல்லக்கா."

"நானும் பாத்தேன்டா."

"அத்தான், உங்க காலுக்குக் கோயில் கட்டலாம்."

மெக்கானிக்குக் கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. தன்னால் குடும்பத்துக்கு ஒரு நன்மை. "போய்ட்டு வாங்க," என்று தாராளமாகக் கையை அசைத்தான். "நான் இங்கேயே இருக்கேன்."

மேடையில் நின்ற பெண் ஊழியர் அவனைக் காட்டி, "சார் ஏறுறாரா?" என்று கேட்டாள்.

"இருங்கம்மா," என்று மாமியார் அவளை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ பேசினார். கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு இந்தப் பக்கம் எப்படிப் பேசுவது என்பதும் தெரிந்திருந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது.

"ஒரு சிக்கல் மாப்பிள்ளை. நாற்காலியில வர்றவரு ஏறினாத்தான் கூட வந்தவங்களை இந்தக் கதவுல விடுவாங்களாம். அவரு ஏறலன்னா எல்லாரும் திரும்பிப் போய் வரிசையில நிக்கணுமாம்."

"ஏன் அத்தை அப்படி?"

"விதி அப்படி."

அவன் சுற்றிலும் பார்த்தான். மனைவி கீழே தெரிந்த வரிசையைப் பார்த்தாள். மச்சான் தன் போனில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். பட்டாணி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிடத் தலைகீழாகத் தொங்குவது சுலபம்.

"கால்தானே அத்தான் பிசகுச்சு?" என்றான் மச்சான். "உக்கார்றதுக்குக் கால் எதுக்கு?"

இரண்டு ஊழியர்கள் வந்து, மிகுந்த மரியாதையோடு அவனைத் தூக்கி, முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். கம்பி வந்து நெஞ்சில் இறங்கியது. பக்கத்தில் பட்டாணி. அவள் கையை மேலே தூக்கினாள். அவனும் தூக்கினான். வண்டி உச்சியை அடைவதற்குள் அவன் கை தானாகக் கீழே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் நடந்த எதையும் அவன் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்கவே இல்லை. யாரோ ஒருவன் விடாமல் கத்திக்கொண்டிருந்தான். வண்டி நின்ற பிறகுதான் அது தான்தான் என்று தெரிந்தது.

"பாவம், கால் ரொம்ப வலிச்சிருக்கும்," என்றார் ஊழியர்.

அன்றைக்கு மட்டும் அவனை ஆறு ராட்டினங்களில் ஏற்றினார்கள். ஒவ்வொரு மேடையிலும் "சார் ஏறுறாரா?" என்று ஊழியர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மாமியார் முந்திக்கொண்டு, "ஏறுவாரு, ஏறுவாரு," என்றார். மாலையில் விடுதி அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தபோது கட்டில் இடப்பக்கமாகத் திரும்புவது போல இருந்தது. இரண்டு கையாலும் மெத்தையைப் பிடித்துக்கொண்டு படுத்தான்.

படுத்தபடி கணக்குப் போட்டான். நாளைக்குக் கால் சரியாகிவிட்டது என்று சொன்னால், நல்ல கால் உள்ளவனாக வரிசையில் நின்று ஏற வேண்டும். சரியாகவில்லை என்றால், கால் போனவனாக வரிசையில் நிற்காமல் ஏற வேண்டும். இரண்டிலும் ஏற வேண்டியிருக்கிறது. பின்னதிலாவது உட்கார்ந்து போகலாம்.

மறுநாள் காலையில் மனைவி அவன் நீட்டிய காலுக்குக் கட்டுப் போட்டாள். அவன் நொண்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தான்.

"அப்பா," என்றாள் பட்டாணி, "நேத்து அந்தக் கால்தானே?"

எல்லோரும் அவன் காலைப் பார்த்தார்கள். கட்டு வலது காலில் இருந்தது. நேற்று நொண்டியது இடது காலை.

மெக்கானிக்குக் காது சூடானது. குனிந்து கட்டைத் தடவினான்.

"ஒரு கால்ல வலி வந்தா, பாரம் முழுக்க இன்னொரு கால்ல விழும்," என்றார் மாமியார், கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "அப்புறம் அதுதான் வலிக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். வாங்க, பஸ் வந்துடும்."

தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். இந்த அம்மாவைப் பற்றி இத்தனை வருஷமாகத் தான் தப்பாக நினைத்திருந்ததற்காக வருந்தவும் செய்தான்.

இரண்டாவது பூங்காவில் நிலைமை மோசமாக இருந்தது. ராட்டினங்கள் முந்தின நாள் பார்த்தவற்றைவிட உயரம். தனிவாசலும் இருந்தது. மாமியார் விசாரித்துவிட்டு வந்து, "இங்கேயும் அதே விதிதான் மாப்பிள்ளை," என்றார். இருக்கிறதிலேயே உயரமான ராட்டினத்தின் மேடையில் அவன் நாற்காலி போய் நின்றது. வண்டி சங்கிலியில் ஏறும் சத்தம் டக் டக் டக் டக் என்று கேட்டது.

அப்போதுதான் அவனுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. இத்தனை நேரம் அதை மறந்திருந்ததை நினைத்து அவனுக்கே ஆச்சரியம்.

"சத்தம் சரியில்ல," என்றான் சத்தமாக.

"என்ன சார்?" என்றார் ஊழியர்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். இந்தச் சங்கிலிச் சத்தம் சரியில்ல. எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. பொறுப்புள்ளவங்க யாரையாவது கூப்பிடுங்க. அதுவரைக்கும் என் குடும்பத்தை ஏத்த மாட்டேன்."

தன் குரலில் இருந்த கம்பீரம் அவனுக்கே பிடித்திருந்தது. ஊழியர் தயங்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ராட்டினம் நின்றது. ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். வரிசையில் நின்ற கூட்டம் முழுக்க அவனை ஒரே பார்வையாகப் பார்த்தது. ஒரு கைக்குழந்தை கூடப் பார்த்தது.

"அப்பா, நீ எல்லாரையும் காப்பாத்திட்டியா?" என்று பட்டாணி கிசுகிசுத்தாள்.

"கிட்டத்தட்ட," என்றான். இனி இன்றைக்கு ராட்டினம் ஓடாது. வெயில் சுகமாக அடித்தது. ஒரு காபி கூடக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

நீல உடையில் ஒரு பொறியாளர் வந்தார். டார்ச்சும் சுத்தியுமாகத் தண்டவாளத்துக்குக் கீழே போனார். ரொம்ப நேரம் கழித்து, கையெல்லாம் கிரீஸோடு, முகமெல்லாம் சிரிப்போடு திரும்பி வந்தார்.

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் பக்காவா இருக்கு. அந்த டக் டக் சத்தம், வண்டி பின்னாடி வழுக்காம பிடிக்கிற கொக்கியோடது. உங்க லிஃப்ட்லயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்குமே?"

"இருக்கும்," என்றான் மெக்கானிக், பலவீனமாக.

"அதான் பாத்தேன். ஆனா நீங்க கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தினம் ஆயிரக்கணக்குல வர்றாங்க. ஒருத்தராவது சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டிருப்பாங்களா? நம்ம வேலையை யாரு சார் மதிக்கிறா?" அவர் கிரீஸ் கையாலேயே மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க. இப்ப சோதனை ஓட்டம் போகணும். கூட்டத்தை ஏத்துறதுக்கு முன்னாடி. நீங்களும் நானும் முன் சீட்டு. உங்க குடும்பம் பின்னாடி. ஒவ்வொரு சத்தத்தையும் நான் விளக்கறேன்."

"இல்ல, கால்..."

"நானே தூக்கி உக்கார வைக்கிறேன் சார். மரியாதையா நினைச்சுக்குங்க."

கூட்டம் கை தட்டியது. பட்டாணி எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

மேலே போகும்போது பொறியாளர் அவன் காதில் பேசிக்கொண்டே வந்தார். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. உலகம் முழுக்கக் கீழே தெரிந்தது.

"இப்ப சத்தம் நின்னுடுச்சா? கொக்கி விட்டுடுச்சு. இனிமே நம்மைப் பிடிக்க ஒண்ணுமே கிடையாது!" என்று பொறியாளர் மகிழ்ச்சியோடு கத்தினார்.

வண்டி விழுந்தது.

"கேக்குதா? இது பக்கச் சக்கரம்! இது அடிச் சக்கரம்! இந்த வளைவுலதான் அழுத்தம் ஜாஸ்தி! சார்? சார், கேக்குதா?"

கேட்கவில்லை. இறங்கியதும் பொறியாளர் அவன் முகத்தைக் கவலையோடு பார்த்தார். "நிறைய சத்தத்தைத் தவறவிட்டுட்டீங்க போலிருக்கு. ஒரு தடவையில பிடிபடாது. இன்னொரு தடவை போவோம்."

இன்னொரு தடவை போனார்கள். அப்புறம், தண்ணீர் ராட்டினத்தின் பம்ப் சத்தத்தையும் அவன் கேட்டே ஆக வேண்டும் என்று அழைத்துப் போனார்.

அன்று மாலை பஸ்ஸில் அவனுக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு பொய்யும் முந்தின பொய்யைவிட உயரமான இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. நாளைக்கு மூன்றாவது பூங்கா. இன்னொரு பொய்யைச் சொல்லும் தெம்பு அவனுக்கு இல்லை.

மூன்றாவது பூங்காவில், மற்ற மூவரும் தொப்பிக் கடைக்குள் நுழைந்திருந்த நேரம், அவன் நாற்காலியில் இருந்தபடியே மகளைக் கூப்பிட்டான்.

"பட்டாணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அப்பாவுக்கு இதெல்லாம் பயம்."

பட்டாணி உறிஞ்சு குழலை வாயிலிருந்து எடுக்கவில்லை. "எதெல்லாம்?"

"ராட்டினம். உயரம். தலைகீழா போறது. எல்லாம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ கண்ணை மூடிக்கிட்டு 'நிறுத்துங்கடா'ன்னு கத்துன. நேத்து அந்த அங்கிள் கூடப் போனப்ப 'அம்மா'ன்னு கத்துன. பின்னாடி வரைக்கும் கேட்டுச்சு."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்ப உனக்கு ஏமாத்தமா இல்லையா?"

"எதுக்கு?"

"பயமே இல்லாத அப்பான்னு ஸ்கூல்ல படமெல்லாம் வரைஞ்சியே."

பட்டாணி யோசித்தாள். ஒரு தடவை குழலை உறிஞ்சினாள். டம்ளர் காலி என்பது சத்தத்திலேயே தெரிந்தது. "லிஃப்ட்ல உனக்குப் பயமா?"

"அங்க இல்ல."

"அப்ப படம் சரியாத்தான் இருக்கு. அதுல ராட்டினமே வரையலையே." பிறகு தலையைச் சாய்த்து, "நீ கத்துனதை என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"அப்ப இன்னொரு ஜூஸ்."

வாங்கிக் கொடுத்தான். அந்த ஜூஸைப் போல மலிவாக அவன் எதையும் வாங்கியதில்லை. மூன்று நாளாக நெஞ்சில் இறங்கியிருந்த கம்பியை யாரோ மேலே தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. பெரிதாக மூச்சு இழுத்தான். மூச்சு வயிறு வரைக்கும் போனது. பூங்காவில் பூக்கள் இருப்பதையே அப்போதுதான் கவனித்தான்.

அந்த நிம்மதியில் மதியம் முழுக்க அவன் மூன்று ராட்டினங்களில் ஏறினான். பயம் போகவில்லை. ஆனால் பயப்படுவதை மறைக்கும் வேலை இல்லை. பயப்படுவதை மட்டும் செய்தால் போதும் என்னும்போது அது அவ்வளவு கஷ்டமான வேலையாகத் தெரியவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனதாரக் கத்தினான். பட்டாணியும் அவனோடு போட்டி போட்டுக் கத்தினாள். மனைவிகூட, "என்னங்க, இன்னிக்கு முகம் தெளிஞ்சிருக்கு?" என்றாள்.

கடைசியாக மிச்சம் இருந்தது பெரிய சக்கரம். உட்கார்ந்தால் மெதுவாக ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடும். கண்ணாடிப் பெட்டிகள், பெஞ்சு, கதவு. மாமியார் வழக்கம் போல முன்னால் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"இங்கேயும் அதேதான் மாப்பிள்ளை."

"இருக்கட்டும் அத்தை. ஏறிட்டாப் போச்சு," என்றான் அவன்.

மாமியார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மேடையில் அவன் நாற்காலியை விட்டுத் தானே எழுந்தான். நொண்டவும் இல்லை. எந்தக் காலை நொண்ட வேண்டும் என்பதும் மறந்து போயிருந்தது. ஒரு பெட்டிக்கு நாலு பேர்தான் என்றார்கள். மனைவியும் மகளும் மச்சானும் முதல் பெட்டியில் ஏறினார்கள். அங்கிருந்து இந்தப் பெட்டியை வீடியோ எடுக்க வேண்டும் என்பது மச்சானின் திட்டம். அடுத்த பெட்டியில் மாமியாரும் அவனும்.

மாமியார் உள்ளே போய் மூலையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் எதிரே உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் கதவின் கீல்களைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தன. உலகத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கதவைச் சாத்த வந்த ஊழியர்தான் கிட்டே இருந்தார்.

"தம்பி, ஒரு விஷயம் தெரியுமா? மூணு நாளா ஒரு ராட்டினம் விடாம ஏறிட்டேன்."

"அப்படியா சார்? சந்தோஷம்."

"எல்லாம் உங்க விதியாலதான். முதல் ரெண்டு நாள் அந்த விதியைப் போட்டவனை வாயில வந்தபடி திட்டினேன். இப்ப யோசிச்சா, அது மட்டும் இல்லன்னா ஒரு மரத்தடியில உக்காந்தே லீவு முடிஞ்சிருக்கும். என் பொண்ணுகிட்ட நான் அப்படிப் பேசியிருக்கவே மாட்டேன்."

"மாப்பிள்ளை, பேச்சு போதும், அவரு கதவைச் சாத்தட்டும்," என்றார் மாமியார் அவசரமாக.

"எந்த விதி சார்?" என்றார் ஊழியர்.

"அதான் தம்பி, சக்கர நாற்காலியில வர்றவன் ஏறினாத்தான் கூட வர்றவங்களைத் தனிவாசல்ல விடுவீங்களே, அது."

"அப்படி ஒரு விதி எந்தப் பூங்காவுலயும் கிடையாதே சார், நாற்காலியில வந்தவங்க கீழேயே நிழல்ல உக்காந்துக்கலாம்னு இப்பக்கூட இந்த அம்மாகிட்ட சொல்லி அனுப்பினேனே," என்றபடி ஊழியர் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.